லோகா மழை

உள்ள வாங்க மிஸ். சப்பாத்தைக் கழட்ட வேணாம், அப்படியே வாங்க. இவ கால விட உங்க சப்பாத்து சுத்தமாத்தான் இருக்கு. ஏய் கிஷா, மிஸ்ஸுக்கு நாற்காலிய விடு. இறங்குன்னா ஏறி நிக்கிறா பாருங்க! கிஷாந்தினின்னு பேரு. நிக்கச் சொன்னா ஓடுவா, ஓடச் சொன்னா உக்காந்துக்குவா. இந்த லயத்துலயே... பாத்தீங்களா, இன்னும் லயம்னுதான் வாயில வருது. தனித்தனி வீடு கட்டிக் குடுத்து மூணு தீவாளி போயிருச்சு, இன்னும் வாய் திருந்தல. இந்த வீட்டுத் திட்டத்துலயே சொல்பேச்சு கேக்காத புள்ள யாருன்னு கேட்டா எல்லாரும் எங்க வாசலத்தான் காட்டுவாங்க. எனக்கு அதுல வருத்தமே கிடையாது மிஸ். இருக்கட்டும்.

மழை அளக்குற போத்தல் பாக்கத்தானே வந்தீங்க? தெரியும். பக்கத்து மலையில, கீழ்க்கணக்குல பாத்துட்டு வர்றீங்கன்னு ஆட்டோக்காரத் தம்பி போன்ல சொல்லிட்டான். நல்ல நேரத்துலதான் வந்தீங்க. இன்னைக்குத் தேயிலைக் கொழுந்து நிறுவை முடிஞ்சதும் எல்லாரும் இங்கதான் வர்றாங்க. இந்த விசில எங்கிட்ட இருந்து வாங்கிட்டுப் போறதுக்கு. இதோ பாருங்க, தாலிக் கயித்தோட சேத்துக் கட்டி வச்சிருக்கேன். குளிக்கும்போதும் கழட்ட மாட்டேன். எங்க வீட்டுக்காரர் கொழும்புல இருந்து வந்தா, "இது என்னடி, ரெண்டு புருஷன் கட்டின மாதிரி"ன்னு சிரிப்பாரு.

வாங்கி வேற யாருக்காவது குடுக்கப் போறாங்கன்னா பரவாயில்ல மிஸ். யாருக்கும் குடுக்கப் போறதில்ல. கோயில்ல ஒரு ஆணியில மாட்டி வைக்கப் போறாங்களாம். ராமையா தலைவர் சொல்லிட்டாரு. அவர்தான் இங்க எல்லாத்துக்கும் தலைவர், தொழிற்சங்கத்துக்கும் அவரே, கோயிலுக்கும் அவரே. "இனி ஊத வேணாம்மா, ஊதி ஊதி சனத்துக்குச் சலிச்சுப் போச்சு"ன்னாரு.

அதான் உங்களை இருக்கச் சொல்றேன். ஒரு பிளேன்டீ குடிச்சுட்டு, அவங்க வந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. லோகேஸ்வரி போத்தலைப் பாத்ததும் சரி, விசில் ஊதுனதும் சரி. அவ்வளவுதான். மண்சரிவு ஆபீஸ்ல இருந்து வந்தவங்க வாயால வந்தா மறுபேச்சு பேச மாட்டாங்க. நான் சொன்னா பயித்தியம்பாங்க.

சீனி போடவா, கையில தரவா? கையிலயா? நீங்களும் எங்க ஆளு மாதிரித்தான்.

போத்தல் வச்ச அன்னைக்கு நீங்க இல்ல, வேற ஒரு சேர் வந்தாரு. அதுல பச்சைக் கோடு, மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு போட்டுக் காட்டினாரு. பச்சைன்னா பாத்துக்கிட்டு இரு. மஞ்சள்னா சட்டி பானைய எடுத்து வை. சிவப்பைத் தொட்டா யோசிக்கக் கூடாது, விசில ஊதிட்டு எல்லாரையும் கூட்டிக்கிட்டு அந்த முகட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடணும். மேல காட்டுல ஒரு வெடிப்பு இருக்குல்ல, அது எங்க தலைக்கு நேர மேலதானே. பழைய லயத்தை மண்ணு மூடுச்சுன்னு இங்க கொண்டாந்து வச்சாங்க, இங்கயும் தலைக்கு மேல ஒரு வெடிப்பு. மலையில வேற எங்கதான் போறது, சொல்லுங்க.

யாரு போத்தலைப் பாக்குறதுன்னு கேட்டப்ப நான்தான் கையத் தூக்கினேன். நான் கொழுந்துக்குப் போறத நிறுத்திட்டேன்ல. இவளோட வீட்லதான் இருக்கேன். இவளைப் புள்ளைங்களப் பாத்துக்குற மடுவத்துலயும் விடுறதில்ல. ஆயம்மா நல்லவதான், இருந்தாலும் விடுறதில்ல.

மொதல் தடவை ஊதினப்ப நீங்க பாத்திருக்கணும் மிஸ்! எல்லா வீட்லயும் இருந்து சனம் கொட்டுது. செவனம்மாக்கா ஒரு கையில கோழி, ஒரு கையில அரிசி மூட்டை. தலைவர் வேட்டிய மறந்துட்டுத் துண்டோட ஓடுறாரு. பள்ளிக்கூடத்து ஹோல்ல போய்ச் சேந்து மூச்சு வாங்கி, ஒருத்தர ஒருத்தர் பாத்து, அவ்வளவு சிரிப்பு! அப்புறம் ஒரே பானையில சோறு. பருப்பு, கருவாட்டுச் சம்பல். ஆம்பளைங்க தேங்கா துருவினாங்க, நெசமா.

பாய் விரிக்கும்போது ஒண்ணு நடந்துச்சு மிஸ். யாரும் யாருக்கும் சொல்லல. தலைவர் வீடு ஓரத்துல விரிச்சாங்க. அதுக்குப் பக்கத்துல செவனம்மாக்கா. அதுக்குப் பக்கத்துல கணபதி அண்ணன் வீடு. அப்படியே பழைய லயத்துல எந்தக் காம்பராவுக்குப் பக்கத்துல எந்தக் காம்பராவோ, அதே வரிசை. லயத்துல ஒரே நீளக் கூரைதானே, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் வெந்நி வைப்போம். இங்க வீடு வீடா தூரமாக் கட்டிட்டாங்க, யார் இருமினாலும் கேக்காது. அந்த ஹோல்லதான் மறுபடி லயமா ஆனோம். நடுவுல மட்டும் மூணு பாய் அகலத்துக்கு இடம் விட்டிருந்துச்சு. முழுசாப் போன வீடுங்க. அந்த இடத்துல யாரும் விரிக்கல. புள்ளைங்க கூட அதத் தாண்டி ஓடல. சுத்தித்தான் ஓடுச்சுங்க.

எங்க பாய் அந்த இடத்துக்கு ஓரத்துல.

மறுநாள் வெயில். ஒரு கல்லு கூட உருளல. சந்தோசமா இறங்கி வந்தோம். ரெண்டாந் தடவையும் சந்தோசமாத்தான் வந்தோம். அப்புறந்தான் முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க. வேலை நேரத்துல ஊதினா கொழுந்துக் கூடையோட ஓடி வரணும், அரைப்பேர்தான் போடுவாங்க, பாதிச் சம்பளம். அது உண்மைதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா உசுருக்கு அரைப்பேர் போடுவாங்களா?

செவனம்மாக்கா ஒரு நாள் வாசல்ல வந்து நின்னா. "ஏன்டி லோகா, அந்தப் பக்கம் தூறுது, இந்தப் பக்கம் தூறுது, ஓம் போத்தல்ல மட்டும் கொட்டுது. ஓம் வீட்டுக்குத் தனியா மேகம் வச்சிருக்கியா?"

அவ்வளவுதான். அது ஊரெல்லாம் பரவிருச்சு. இப்ப லேசாத் தூறினா, "இது வானத்து மழையா, லோகா மழையா?"ன்னு கேக்குறாங்க. கொழுந்து மலையில பாட்டுக் கூட கட்டியிருக்காங்களாம். நானும் சேந்து சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்ய? கோவப்பட்டா அடுத்த தடவை வர மாட்டாங்களே. ஊதினதும் ஒவ்வொரு வாசலாப் போயி, "அக்கா வாங்க, இந்த ஒரு தடவை வாங்க, சோத்துக்கு நான் அரிசி தர்றேன்"னு கெஞ்சி இழுத்துட்டுப் போனேன். பயத்தை வெளிய காட்டுனா யாரு வருவா? சிரிச்ச மொகமாக் கூப்பிட்டா நாலு பேராவது வருவாங்க.

போன தடவை நாலு பேர் கூட வரல. நானும் இவளும் கணபதி அண்ணனும் மட்டும். அவரும் அங்க போனா நிம்மதியாப் படுக்கலாம்னு வந்தாரு. அவ்வளவு பெரிய ஹோல்ல ரெண்டு பாய். நான் எங்க இடத்துலதான் விரிச்சேன். அவர் அவர் இடத்துல. நடுவுல முழு லயமும் காலி. எது செத்தவங்க இடம், எது வராதவங்க இடம்னே தெரியல மிஸ்.

இவ மட்டும் அந்தக் காலி இடம் பூரா உருண்டு விளையாடினா. இவளுக்கு என்ன தெரியும். இவ அதுக்கு அப்புறம் வந்தவ. லயம் போன பிறகு மூடிக் கிடந்த பழைய தேயிலை ஸ்டோர்ல எங்களை வச்சிருந்தாங்கல்ல, தறப்பாள் மறைப்புக் கட்டி, அங்கதான் பொறந்தா. ஸ்டோர்ல பொறந்ததுனால தேயிலைத் தரத்தோட பேரையே வைங்கடி, பி.ஓ.பி.ன்னு கூப்பிடலாம்னு கேலி பண்ணுவாங்க. இப்ப இவளுக்கு அவன் வயசு.

அவன்னா தனுஜன். மூத்தவன்.

இல்ல மிஸ், சொல்றதுல ஒண்ணுமில்ல, சொல்லுவேன். எல்லாரும் கேட்டுக் கேட்டு நான் சொல்லிப் பழகிட்டேன். நல்ல புள்ள மிஸ். இவளை மாதிரி இல்ல. ஒரு தடவை சொன்னா போதும். அன்னைக்குக் காலையில மழை விட்டிருந்துச்சு, வேலைக்குப் பேர் பதியுற பெரட்டுக்கு வரச் சொல்லி ஆள் விட்டாங்க. மடுவம் இன்னும் தொறக்கல. கையில ரொட்டியக் குடுத்து, "அம்மா வர்ற வரைக்கும் உள்ளயே இரு, வெளிய வரக் கூடாது, நனைஞ்சா சளி பிடிக்கும்"னு சொல்லிட்டுப் போனேன். தலைய ஆட்டினான். நான் ஏழாம் நம்பர் மலையில நிக்கிறேன். வடிகான்ல தண்ணி செம்மண்ணா வருதுன்னு கீழ சத்தம் போட்டிருக்காங்க. புள்ளைங்கெல்லாம் வெளிய ஓடிருச்சுங்க. செவனம்மாக்கா பசங்க ரெண்டும் அப்ப வீட்லயே இல்ல, போகக் கூடாதுன்னு சொன்ன மேட்டுல உரச்சாக்குப் போட்டுச் சறுக்கிக்கிட்டு இருந்தானுங்க. அடங்காதவனுங்க. பெரியவன் இறங்கி ஓடி வந்து எங்க கதவத் தட்டியிருக்கான். "வாடா தனு, ஓடி வாடா!" அதுக்கு உள்ள இருந்து இவன் சொன்னானாம், "அம்மா வெளிய வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கு"ன்னு.

அப்படிப்பட்ட புள்ள மிஸ். சொல் தட்ட மாட்டான். எந்தப் புள்ள அப்படிக் கேக்கும், சொல்லுங்க. செவனம்மாக்காவே சொல்லுவா, "ஓம் புள்ள மாதிரி என் புள்ளைங்க இல்லையேடி"ன்னு. சொல்லிட்டு அழுவா. நான்தான் அவளைத் தேத்துவேன்.

டீ ஆறிருச்சு. சூடா ஊத்தவா? வேணாமா? சரி.

போத்தல் எங்கயா? நடு மைதானத்துல தேடினீங்களா? அங்க கம்பு மட்டும்தான் நிக்கும். அத நான் எப்பவோ மாத்திட்டேன்! இங்க வாங்க, அடுப்படிக்கு. குனிஞ்சு வாங்க, இடிச்சுறும். இதோ ஜன்னலுக்கு வெளிய. கம்பி போட்டு நானே கட்டினேன், ஆணி கூட நான்தான் அடிச்சேன். எப்படி? உள்ள நின்னுக்கிட்டே கோடு தெரியும். அந்தக் கம்புல இருந்தப்ப, மழை பேயுற நேரம் பூரா வெளிய போயி வெளிய போயிப் பாக்கணும். இவளைத் தூக்கிட்டுப் போனா நனையுறா, இவளுக்கு இழுப்பு இருக்கு. விட்டுட்டுப் போக முடியாது. மழை பேயும்போது இவளை வீட்டுக்குள்ள விட்டுட்டு நான் வாசப்படி தாண்ட மாட்டேன் மிஸ். அது மட்டும் என்னால ஆகாது. அதான் போத்தலை இங்க கொண்டாந்துட்டேன். இப்ப ரொட்டி சுட்டுக்கிட்டே பாக்கலாம், இவளுக்குத் தலை வாரிக்கிட்டே பாக்கலாம். கீழ்க்கணக்குல அந்தப் பொண்ணு போத்தலைத் திரும்பியே பாக்குறதில்ல போல. அங்க எப்பவும் பச்சைதானாம். பக்கத்து மலை, ஒரே மழை, எப்படி அங்க மட்டும் பச்சையா இருக்கும்? அக்கறை இல்ல, அதான்.

ஏன் மிஸ் அண்ணாந்து பாக்குறீங்க? கூரைத் தகரந்தான். கூரைத் தண்ணி வடியுற பீலி இன்னும் வைக்கல. வீடு குடுத்தப்பவே, பீலி அப்புறம் வரும்னாங்க. தண்ணி விளிம்பு பூராவும் ஊத்தும், வாசல் குழியாகிப் போச்சு.

ம்... தூறல் ஆரம்பிச்சிருச்சு. நல்லதாப் போச்சு, இப்ப நீங்களே பாருங்க. கேக்குதா? டொக், டொக்குன்னு. அடிச்சு ஊத்தினா ஜன்னல மூடினாலும் கேக்கும். எனக்கு அந்தச் சத்தமே போதும், எந்தக் கோட்டுல நிக்குதுன்னு சொல்லிருவேன். அதுக்குள்ள அடி நிறைஞ்சிருச்சு பாருங்க.

ஏன் கையை வெளிய நீட்டிப் பாக்குறீங்க?

ஆமா. கை ஒண்ணும் பெரிசா நனையல. தூறல்தானே.

கூரைத் தண்ணிதான் விழுது. ஆமா. கூரைத் தண்ணியும் மழைத் தண்ணிதானே மிஸ்? வேற எங்க இருந்து வருது? எங்க தலையில விழுறதும் அதுதானே?

...

ஒரு கூரை பூரா விழுறது ஒரே போத்தல்ல.

இருங்க. இருங்க மிஸ், ஒரு நிமிசம். அப்போ அன்னைக்கு, மொதல் தடவை? அப்ப கம்புலதான் இருந்துச்சு, அது சரிதான். அது நெசமான சிவப்புதான். ரெண்டாந் தடவைக்கு முந்தித்தான் இங்க மாத்தினேன். அப்போ ரெண்டாவது... அரைப்பேர்... தலைவரோட அம்மா அந்த ஏத்தத்துல விழுந்து கைய முறிச்சுக்கிட்டது... போன தடவை, அவ்வளவு பெரிய ஹோல்ல நாங்க மூணு பேரும்...

கீழ்க்கணக்குப் பொண்ணு சரியாத்தான் பாத்திருக்கா.

மிஸ். நீங்க அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் சரின்னு கூடச் சொல்ல வேணாம், தப்புன்னும் சொல்லாதீங்க. சும்மா வந்தோம், பாத்தோம், போனோம்னு போயிருங்க. எனக்கு வெக்கம்னு நெனைக்கிறீங்களா? இல்ல மிஸ். சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க. இது பூரா பொய்னு தெரிஞ்சுட்டா, நெசமாவே ஒரு நாள் சிவப்பைத் தொடும்போது நான் ஊதினா யாரு வருவா? செவனம்மாக்கா பசங்க வருவானுங்களா? அந்த வெடிப்பு பொய் இல்லையே. அது அங்கயேதானே இருக்கு.

என்ன? திரும்பக் கம்புலயே மாட்டணுமா?

அங்க மாட்டினா நான் போயிப் பாக்கணும். நான் போனா இவ? உள்ளயே இருன்னு சொல்லிட்டுப் போகச் சொல்றீங்களா? அந்த வார்த்தை என் வாயில வராது மிஸ். வேற எது வேணாலும் சொல்றேன். நில்லு, உக்காரு, சனியனே அடி வாங்கப் போறே, எல்லாம் சொல்லுவேன். அத மட்டும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா இவ கேட்டிருப்பாளோ என்னவோ. யாரு சோதிச்சுப் பாக்குறது?

சத்தம் கேக்குதா? வந்துட்டாங்க. அந்தச் சிரிப்பு செவனம்மாக்காதான், மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும். "லோகா மழை"ன்னு கத்துறாங்க பாருங்க, தூறல் விழுந்ததும். வளைவு தாண்டிட்டாங்க.

சரி.

சரி மிஸ், இந்தக் கம்பிய இந்தப் பக்கம் இழுங்க. விடுங்க, நானே பிடுங்குறேன். இதுல இருக்குற தண்ணிய ஊத்திருவோம். போச்சு. கிஷா, இங்க வா. வாடி. மிஸ், இந்தாங்க, இவளைப் பிடிங்க. கையப் பிடிச்சா உருவிட்டுப் போயிருவா, இடுப்போட சேத்துப் பிடிங்க. நான் ஒண்ணும் இவகிட்டச் சொல்லல, பாருங்க. ஒண்ணும் சொல்லாமத்தான் போறேன். கதவு தொறந்தே இருக்கட்டும். நல்லாத் தொறந்து வைங்க. அந்தக் கல்ல அண்டக் குடுங்க, காத்துக்குச் சாத்திக்கும்.

பிடிச்சிருக்கீங்களா?

இந்தா, கம்புகிட்ட வந்துட்டேன் மிஸ்! பிடிச்சிருக்கீங்களா? திரும்பிப் பாக்கலைன்னு நெனைக்காதீங்க, பாத்துக்கிட்டேதான் இருக்கேன்!

மாட்டிட்டேன். ஒண்ணுமில்ல மிஸ், வெறும் அடிதான் நனையுது. பச்சைக்குப் போக எவ்வளவோ இருக்கு. இந்தத் தூறல் இவ்வளவுதானா!

வாங்க தலைவரே. வாங்க, எல்லாரும் இங்கயே நில்லுங்க, வீட்டுக்கு ஏற வேணாம். விசில்தானே? தர்றேன், கயித்துல முடிச்சு இறுகியிருக்கு, அவுக்குறேன். அதுக்கு முன்ன இந்தப் போத்தல ஆளுக்கு ஒரு தடவை பாருங்க. இனி இது இங்கதான் இருக்கும், நட்ட நடுவுல. எவ வாசல்ல நின்னாலும் தெரியும். நான் கம்மியாச் சொல்றேனா கூடச் சொல்றேனான்னு நீங்களே பாத்துக்கலாம். செவனம்மாக்கா, நீங்க சொன்னது சரிதான். எங்க வீட்டுக்குத் தனியா மேகம் இருந்துச்சுக்கா. நெசமாத்தான் சொல்றேன். கூரையில இருந்துச்சு. அங்க பாருங்க, ஜன்னலுக்கு மேல, அது ஊத்துற இடத்துலதான் போத்தலைக் கட்டி வச்சிருந்தேன். உள்ள இருந்தே பாக்கலாம்னு. இவளை விட்டுட்டு வெளிய வர முடியாதுன்னு.

சிரிங்கக்கா. ஏன் எல்லாரும் இப்படி நிக்கிறீங்க? சிரிங்க. அக்கா, நீங்களாவது சிரிங்க.

எங்கக்கா கைய நீட்டுறீங்க? விசிலுக்கா? இன்னும் முடிச்சு அவுரல. ஏன்க்கா இறுக்குறீங்க? அவுக்கத்தானே வந்தீங்க? என்ன சொல்றீங்க, கேக்கல. "காலையில கொழுந்துக்குப் போறப்ப நான் பாக்குறேன், பகல்ல நீ பாரு"ன்னா? நீங்களா? ராத்திரிக்கு உங்க பசங்களா?

மிஸ்! மிஸ், என்ன ஆச்சு? விட்டுட்டீங்களா?

ஏய்! ஏய் கிஷா! வழுக்கும், மெதுவா... பாத்தீங்களா மிஸ், பாத்தீங்களா தலைவரே, இதத்தான் சொன்னேன், சொல்பேச்சே கேக்க மாட்டா! வா. வாடி என் தங்கம். ஓடி வா. இல்ல மிஸ், குடை வேணாம், விடுங்க, நிக்கட்டும். இங்கயே நிக்கட்டும்.

நனைஞ்சாத் தொடச்சுக்கலாம்.